மரகதம் மண் தேடுகிறாள்

மே 2
இன்றும் தீனி எடுக்கவில்லை. கிண்ணத்தில் சுவர்க்கோழிப் பூச்சிகள் தாவிக்கொண்டே இருக்கின்றன. என் பச்சோந்தி மரகதம் ஒரு கண்ணை அவற்றின் மேல் ஓட்டிவிட்டு, மறு கண்ணால் கூண்டின் தரையைத் துழாவுகிறாள். கரும்பச்சை உடம்பில் நீலமும் மஞ்சளும் திட்டுத்திட்டாக ஏறியிருக்கின்றன. சினைதான்.

மே 3
"ஜோடியே இல்லாம எப்படிடி சினை?" என்கிறாள் அம்மா. சேவல் இல்லாமல் கோழி முட்டை போடுவதில்லையா, அப்படித்தான். அந்த முட்டை பொரிக்காது. ஆனால் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டால் உயிர் போய்விடும்.

மே 4
அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மதியம் மாடி அறையில் 36 டிகிரி. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "ஏமன் நாட்டுப் பிராணிதானே, வெயில் தாங்கும்" என்கிறார்கள். ஏமன் என்றால் வெறும் மணல் இல்லை. இவள் இனம் அங்கே மலைச்சரிவிலும், செடிகொடி அடர்ந்த பள்ளத்தாக்கிலும் இருப்பது. பகலில் சூட்டு பல்பை அணைத்துவிட்டேன். புற ஊதாக் கதிர் தரும் யுவிபி ட்யூப் மட்டும் எரிகிறது. ஜன்னலில் ஈரச் சாக்கு. செம்பருத்திச் செடிக்கு ஸ்பிரே அடித்தால் இலை நுனியில் நிற்கும் சொட்டை நக்கிக் குடிக்கிறாள். குடிக்கிறவரை நிம்மதி.

மே 5
முட்டையிடும் தொட்டி தயார். ஒரு அடி ஆழத்துக்கு மணல், கழுவிச் சலித்தது. ஈரம்தான் கணக்கு. விரலால் துளை போட்டால் இடியாமல் நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்திருந்தால் சுரங்கம் இவள் மேலேயே சரிந்துவிடும். மண் பிடிக்காவிட்டால் முட்டையை அடக்கிக்கொள்வாள் என்கிறார்கள். மாலைக்குள் பலமுறை விரல் விட்டுப் பார்த்தாயிற்று.

மே 6
சுவர்க்கோழி டப்பாவைத் திறந்ததும் மூத்திர நெடி. பாதிக்கு மேல் செத்துக் கிடக்கின்றன. இந்தப் பூச்சிக்குச் சூடு ஆகும், ஈரமும் புழுக்கமும் ஆகாது. பூச்சிகள் ஒளிந்துகொள்ள வைத்த கோழிமுட்டை அட்டைகளை எல்லாம் மாற்றினேன். தண்ணீருக்கு ஈரப் பஞ்சு மட்டும், கிண்ணம் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிவிடும். முருங்கை இலையும் கேரட்டும் போட்டேன். பூச்சி தின்பதுதான் மரகதம் தின்பது. சுவர்க்கோழியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதனால்தான் கால்சியம் பவுடர் தூவிக் கொடுப்பது. முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பு போதாவிட்டால் அவள் எலும்பிலிருந்துதான் போகும். தின்ன மாட்டேன் என்கிறாளே!

மே 7
பக்கத்துத் தெருப் பையன், அழகர்கோயில் பக்கம் ஒரு பச்சோந்தியைப் பார்த்தானாம். பிடித்து வரட்டுமா என்றான். தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன். நம் ஊர்ப் பச்சோந்தி 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, வீட்டில் வளர்க்க முடியாது. மரகதத்தை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த காகிதத்தைக் காட்டினேன். எதுவும் அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அந்தப் பச்சோந்தி அங்கேயே மரத்தில் இருக்கட்டும்.

மே 8
திருக்கல்யாணம். அம்மா தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். மரகதம் நாள் முழுக்கக் கூண்டின் அடியில் நடக்கிறாள்.

மே 9
தோண்டுகிறாள்! கூண்டைச் சுற்றிப் பழைய வேட்டி கட்டிவிட்டேன். யாராவது பார்ப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிடுவாள். அறைக்குள் யாரும் போகக் கூடாது என்றேன். "பிள்ளைத்தாச்சிய நான் ஏன் தொந்தரவு பண்றேன்" என்று அம்மா டிவி சத்தத்தையும் குறைத்துவிட்டாள்.

மே 10
விட்டுவிட்டாள். குழி பாதியில் நிற்கிறது. பகலிலேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிளையில் இருந்தாள். பச்சோந்தி பகலில் கண் மூடினால் நல்லதுக்கில்லை. சென்னை மருத்துவருக்கு போன் செய்தேன். கண் குழி விழுந்திருக்கிறதா, கிளையைப் பிடிக்கும் பிடி தளர்ந்திருக்கிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. அப்படியானால் இன்னும் பாருங்கள், தளர்ந்தால் உடனே கொண்டு வாருங்கள், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், கால்சியம் ஊசி, தேவைப்பட்டால் அறுவை என்றார். இங்கிருந்து சென்னைக்கு 460 கிலோமீட்டர், இந்த வெயிலில். காற்றோட்டமான பெட்டி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 11
பிடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. என் விரலில் ஏற்றிப் பார்த்தேன். வலித்தது, சந்தோஷமாக இருந்தது.

மே 12
விடியற்காலையில் அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். செல்லூர் முழுக்க ஜனம், கொட்டுச் சத்தம், எங்கள் மாடித் தரைகூட அதிர்கிறது. இந்த வருஷம் நான் போகவில்லை. வேட்டியை லேசாக விலக்கிப் பார்த்தால் மணலில் வால் மட்டும் தெரிகிறது. எவ்வளவு சத்தம், அவளுக்கு ஒன்றும் இல்லை! மூடிவிட்டேன். மதியம் பார்க்கவில்லை. மாலையும் பார்க்கவில்லை.

மே 13
37 முட்டை. குழியை மணலால் மூடி மேலே மிதித்துச் சமன் செய்துவிட்டு ஏறி வந்திருக்கிறாள். முகமெல்லாம் மண், வயிறு ஒட்டிவிட்டது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன், குடித்துக்கொண்டே இருந்தாள். அம்மா வாசலில் நின்று கும்பிட்டாள்.

மே 14
பவுடர் தூவிய ஒரு சுவர்க்கோழியை நாக்கை நீட்டி எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. இரண்டு வாரம் நன்றாகத் தின்னட்டும், பிறகு தீனியையும் சூட்டையும் குறைக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த முறை முட்டை குறையும். டப்பாவில் பெரிய பூச்சிகள் தீரப்போகின்றன. புது பார்சல் இன்னும் வரவில்லை.