கிளுவை வேலி, தம்பலகாமம்

செப்டெம்பர் 21
கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் 14. இங்கேயே இருக்கும் பச்சைப் பஞ்சுருட்டானைவிடப் பெரிது. தொண்டை செங்காவி, எழும்பிப் பறக்கையில் வால் நீலமாய்த் தெரியும். போன வருடம் வேலியில் இருந்த கீச்சான் குருவி இன்னும் வரவில்லை.

செப்டெம்பர் 27
பஞ்சுருட்டான் எதைத் தின்கிறது என்று அறிய மேலே பார்த்தால் போதாது, கம்பிக்கு நேர்கீழே குனிய வேண்டும். செரிக்காததைக் கறுப்பு உருண்டையாகக் கக்கியிருக்கும். காய்ந்ததைக் கிள்ளினால் தூள்தான் மிஞ்சும். தண்ணீரில் ஊறவிட்டு, வெள்ளைத் தட்டில் ஊசியால் பிரிக்க வேண்டும்: வண்டின் முதுகு ஓடு, தேனீயின் தலை, தும்பிச் சிறகின் துண்டு.

தேனீ அகப்பட்டால் முதலில் கம்பியில் அடிக்கிறது. பிறகு அதன் பின்முனையைக் கம்பியோடு அழுத்தித் தேய்க்கிறது, கண்ணை மூடிக்கொண்டு. விஷம் வெளியே வந்த பிறகே விழுங்கும். தும்பிக்கு அடி மட்டும்தான், தேய்ப்பு இல்லை.

ஒக்டோபர் 2
கீச்சான் இல்லை.

ஒக்டோபர் 7
மழைத்தும்பி வந்துவிட்டது! மேட்டுக் காணிக்கு மேலே, ஆள் உயரத்தில், பொன்மஞ்சளாய். இலேசில் உட்காராது; உட்கார்ந்தாலும் குச்சியில் செங்குத்தாய்த் தொங்கும். ஒக்டோபரில் மாலைதீவை நிறைக்கும் இந்தத் தும்பிகள் இந்தியப் பக்கமிருந்து கடல் கடந்து ஆபிரிக்கா வரை போகின்றன என்று உயிரியலாளர் சார்ள்ஸ் அண்டர்சன் 2009இல் எழுதினார். விரல் நீளம்கூட இல்லாத உயிர்.

ஒக்டோபர் 11
விடிய 6.10. கிளுவை வேலியில் கரகரத்த ஏச்சுச் சத்தம். பழுப்புக் கீச்சான், போன வருடம் இருந்த அதே மூலையில். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. இனிச் சித்திரை வரை இந்த வேலி அதனுடையது.

ஒக்டோபர் 16
கம்பியில் தகைவிலான் குருவிகள் ஏராளம். இரண்டு தூணுக்கு நடுவே எண்ணிப் பெருக்குவது பிழை. ஒரு இடைவெளி நெருங்கியிருக்கும், அடுத்தது வெறுமையாய் இருக்கும். பத்துப் பத்தாய்க் கடைசித் தூண் வரை எண்ண வேண்டும். காலையில் வயலின் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுக்குப் போகும், நெஞ்சுப் பட்டை தெளிவாய்த் தெரியும்.

ஒக்டோபர் 22
இரவு நல்ல மழை. மாலை 5.40க்குப் புற்றில் கீறல் விழுந்தது. முதலில் காவல் கறையான்கள் விளிம்பில் தலை நீட்டின, பிறகு ஈசல். உயரே தகைவிலான், நடுவில் கரிச்சான், தரையில் மைனாவும் உண்ணிக்கொக்கும். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சிறகுகள் மட்டும் சேற்றில் ஒட்டிக்கிடந்தன.

ஈசலுக்குக் கீச்சான் வரவில்லை. வேலியடியில் வெட்டுக்கிளியைத் தேடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 3
பக்கத்து வயலில் பூச்சிமருந்து. வாடைக்காற்று வேலிப்பக்கம்தான் அடிக்கிறது. நாற்றுக்கு அடித்த மருந்து வேலிப் புல்லையும் நனைத்துவிட்டது. வெட்டுக்கிளி இருப்பது அந்தப் புல்லில்தான். சிலந்தியும் சேர்ந்து சாகும், பின்னால் நெல்லைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சி பெருகும். அடிக்கத்தான் வேண்டுமென்றால் காற்று விழுந்த நேரத்தில், வேலியிலிருந்து நாலு பாகம் தூரம் விட்டு அடிக்கலாமே. கேட்டுப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 4
6.10. சத்தம் இல்லை.

நவம்பர் 5
6.10. இல்லை. கம்பியில் பஞ்சுருட்டான் 3.