இரண்டாவது கையெழுத்து

2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் ஒருவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளிவந்து ஊரெல்லாம் பேசியது. 2022-ல் சுதந்திர தினத்துக்கு முன்னால், பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே கடிதம் எழுத வேண்டி வந்தது. நாற்காலி, கொடிக்கம்பம் இரண்டும் படத்தில் விழும். ஒன்றிய அலுவலகத்தில் துணை வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்த எனக்கு அதிகம் வந்த புகார் படத்தில் விழாத ஒன்று: காசோலை.

தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பணம் ஒரே கையில் போகக் கூடாதென்று வந்த ஏற்பாடு, அதில் தப்பில்லை. ஆனால் இடஒதுக்கீடு தலைவர் பதவிக்குத்தான். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி தனித்தொகுதியாகிவிட்டால், ஊரின் பெரிய கைகள் குறிவைப்பது இந்த இரண்டாவது கையெழுத்தை.

எங்கள் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி. தலைவர், தேர்தலில் நிற்கும்வரை களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த அம்மா. துணைத்தலைவர் ஒருநாளும் அவரைத் திட்டியதில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவார், அவ்வளவுதான். போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. கடனுக்கு ஆள் பிடித்து அந்த அம்மா சரிசெய்தார். பில் துணைத்தலைவர் வீட்டுக்குப் போனது. "கல்யாணத்துக்குப் போயிருக்கார்." அடுத்த வாரம், "கண்ணாடி உடைஞ்சிருச்சு." அப்புறம், "கணக்கப் பாத்துட்டுச் சொல்றேன்." டேங்க் ஆபரேட்டர் சம்பளமும் அதே வழியில் நின்றது. மெக்கானிக் தலைவர் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார். துணைத்தலைவர் வீட்டுக்கு அவர் போகவில்லை, போகவும் மாட்டார். கொஞ்ச நாளில் ஊரே சொன்னது: "இந்தம்மாவுக்கு நிர்வாகம் பத்தல." அந்த அம்மாவின் சொந்தத் தெருக்காரர்களும் அதையே சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில், ஊராட்சித் தலைவரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பதும் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. நல்ல பிரிவு. ஆனால் உடைந்த கண்ணாடியை எந்த இன்ஸ்பெக்டர் எஃப்ஐஆரில் எழுதுவார்? எங்கள் கோப்பில் சாதி என்ற சொல்லே வராது. "துணைத்தலைவர் ஒத்துழைப்பு இல்லாத நிலையில்" என்று தொடங்கும் குறிப்புகள்தான் அங்கே இருக்கும்.

கோப்பு ஆட்சியர் வரை போனால் காசோலை அதிகாரம் மாற்றப்படலாம். சில ஊராட்சிகளில் தகராறு முற்றி, இரண்டு பேரிடமிருந்தும் அதிகாரம் எடுக்கப்பட்டு அலுவலர் கைக்கு வந்துவிடும். தடுத்தவருக்கும் தடுக்கப்பட்டவருக்கும் ஒரே தண்டனை. இதைச் சமத்துவம் என்று சொன்னாலும் சொல்வார்கள். வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) கையெழுத்தில் வேலை நடந்தால் துணைத்தலைவருக்கு என்ன நஷ்டம்? தலைவர் கையெழுத்து செல்லாது என்று ஊருக்குக் காட்டிவிட்டார் அல்லவா?

இத்தனை நாளுக்குள் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், இரண்டும் செய்யாவிட்டால் துணைத்தலைவரின் கையெழுத்து மட்டும் அலுவலருக்கு மாற வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் பாதிப் புகார் அடங்கும் என்பது என் எண்ணம். ஆய்வுக் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னேன். "அதெல்லாம் ரெண்டு பேரையும் கூப்பிட்டு வச்சுப் பேசி முடிங்க" என்றார் மேலதிகாரி. அடுத்து வீட்டுவரி வசூல் நிலவரத்துக்குப் போய்விட்டோம்.