ஒரே நாளில் இரண்டு கணவாய்கள்

மோன் பிளாங்க் மலையைச் சுற்றிச் செல்லும் நடைப்பாதையில், பிரான்சின் குருவா து பொன்னோம் குடிலிலிருந்து விடியலில் புறப்பட்டு, 2,665 மீட்டர் உயரமுள்ள ஃபூர் கணவாயைக் கடந்தபோது, பாறை நிழல்களில் பழைய பனி இன்னும் உருகாமல் கிடந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது உண்மைதான்; ஆனால் முழங்கால்களைச் சோதித்தது, பள்ளத்தாக்கு வரை 850 மீட்டருக்கும் மேல் நீண்ட இறக்கமே. (ஊன்றுகோல்களை வீண்சுமை என்று முந்தைய நாள்வரை நினைத்தவன் நான்.) இறங்கிய உயரத்தில் பெரும்பகுதியை மீண்டும் ஏறி, 2,516 மீட்டரில் செய்ன் கணவாயை அடைந்தால், காவலோ சோதனையோ இன்றி இத்தாலி தொடங்கிவிடுகிறது. மேகங்கள் திரளத் தொடங்கியதால் அங்கு அதிக நேரம் நிற்காமல் இறங்கி, இரவு உணவுக்குச் சற்று முன்பாக எலிசபெட்டா குடிலைச் சேர்ந்தோம். வாசலில் காலணிகளைக் கழற்றி வைத்தபோது, கால்கள் என்னுடையவை போலவே இல்லை.