614 இருக்கைகள்

அரங்கத்தில் வேலை செய்பவனிடம் அந்த அரங்கத்தின் வரலாற்றைக் கேட்டால், இருக்கைக் கணக்கிலிருந்துதான் தொடங்குவான். சிங்கப்பூர் விக்டோரியா நாடக அரங்கில் முன்பு 904 இருக்கைகள். 2010இல் மூடிச் சீரமைத்து 2014இல் திறந்தபோது 614. தமிழ் நாடகக் குழு ஒன்றில் மேடைப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்று வயிற்றெரிச்சல்தான். விளக்கு, ஒலி, ஒப்பனை, சாப்பாடு என எந்தச் செலவும் குறையவில்லை; விற்கக்கூடிய டிக்கெட்டில் மட்டும் 290 போய்விட்டது.

புதிய மேடையில் எங்கள் முதல் ஒத்திகையன்று, விளக்கு சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கடைசி வரிசைக்குப் போனேன். அம்மாவாக நடித்தவர் பேசவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அந்த விரல்கள் எனக்குத் தெரிந்தன. கணக்குப் பிள்ளை புத்தி அன்றைக்கு அடங்கிப்போனது. முழுக்க அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வரவு செலவு எழுதும்போது இன்னும் எட்டிப் பார்க்கும்.

குழுவுக்குப் புதிதாக வரும் பையன்களை முதல் நாளே கட்டடத்தைச் சுற்றிக் கூட்டிப்போவேன். வெளியே பார்த்தால் நடுவில் மணிக்கூண்டு, இரண்டு பக்கமும் ஒரே முகம். உள்ளே வயது வேறு. ஒரு பாதி 1862இல் நகர மண்டபமாக எழுந்தது. நாடக மேடையும் அலுவலகங்களும் அதே கூரையின் கீழ் இருந்தன. விக்டோரியா மகாராணி இறந்த பிறகு, அவர் நினைவாகப் பக்கத்திலேயே கட்டிய மண்டபம் 1905இல் திறந்தது. அதற்குப் பொருந்தும்படி பழைய பாதிக்கும் முகத்தை மாற்றி, 1909இல் நாடக அரங்கமாக்கினார்கள். அண்ணன் தம்பிக்கு ஒரே துணியில் சட்டை தைத்த மாதிரிதான்.

நினைவு மண்டபத்துப் பக்கம் இப்போது இசை அரங்கம். போருக்குப் பின் ஜப்பானிய அதிகாரிகள் மீதான போர்க்குற்ற வழக்குகள் அங்கேதான் நடந்தன. சிங்கப்பூரை ஆளும் மக்கள் செயல் கட்சி 1954 நவம்பரில் தொடங்கியதும் அங்கேதான். இதையெல்லாம் பையன்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், கண் கைப்பேசியில் இருக்கும்.

அவர்களை நிமிர வைப்பது பாட்டுக் கதை. 1958இல் நாடக அரங்கைப் புதுப்பித்து மறுபடியும் திறக்கும் நேரம். நகராட்சி விழாக்களில் பாட ஒரு பாடல் வேண்டும் என்று திரைப்பட இசையமைப்பாளர் சுபிர் சயித்திடம் கேட்டார்கள். அவர் எழுதி இசையமைத்த 'மாஜுலா சிங்கப்பூரா' அந்தத் திறப்பு விழாவில்தான் முதன்முதலாக ஒலித்தது. அடுத்த ஆண்டே அது சிங்கப்பூரின் மாநில கீதமாகி, 1965இல் நாட்டின் கீதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் காலைதோறும் நின்று பாடிய பையன்கள்தாம் இவர்கள். "நம்ம தியேட்டருக்காகப் போட்ட பாட்டா அண்ணே?" என்று ஒருவன் கேட்டான். 'நம்ம தியேட்டர்' என்று அவன் சொன்னதில் எனக்குப் பரம திருப்தி. அன்று தேநீர் என் செலவு.

பழைய நாற்காலிகளின் வார்ப்பிரும்புப் பாகங்களைத் தூக்கி எறியாமல் புதிய சுவர்ப் பலகைகளோடு சேர்த்திருக்கிறார்கள். எங்கள் குழுவின் மூத்த நடிகர் ஒருவர் காட்சிக்கு முன் அந்த இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஒப்பனை அறைக்குப் போவார். நான் அப்படியெல்லாம் செய்வதில்லை. எனக்கு வேலை தரையில். நாற்காலி எங்கே, கட்டில் எங்கே என்று நாங்கள் ஒட்டிய குறி நாடாக்களைக் காட்சி முடிந்ததும் ஒன்றுவிடாமல் உரிக்க வேண்டும். போன முறை கட்டில் கால் இருந்த இடத்தில் ஒரு துண்டு வர மறுத்தது. மண்டியிட்டு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அரங்கக் காவலர் சாவிக்கொத்தோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"ஐந்து நிமிடம்" என்றேன்.


"போன தடவையும் இதையேதான் சொன்னீர்கள்" என்றார்.