இரண்டு பையன்கள், ஒரு டிசி

ஜூலை 9, 2024, செவ்வாய்

மூன்றாவது பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. இரண்டாவது மாடியில் நடந்து வரும்போது பையன்கள் பாத்ரூம் பக்கமிருந்து மாம்பழ வாசனை. பி.டி. சாரைக் கூப்பிட்டேன். அவர் உள்ளே போய் இரண்டு பேரை வெளியே கூட்டி வந்தார். இருவருமே என் ஒன்பதாம் வகுப்பு பி செக்‌ஷன். ஒருவனுடைய அப்பாவுக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி இருக்கிறது. இன்னொருவனின் அம்மா வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இரண்டு வீட்டிலும் சோறு போடுவது பனியன்தான்.

அந்தச் சாமான் ஹைலைட்டர் பேனா அளவுதான், வழவழவென்று பச்சை நிறம். வேப் என்கிறார்கள், அதாவது இ-சிகரெட். தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது, 2019-ல் மத்திய அரசு நாடு முழுக்கத் தடை செய்து சட்டமே போட்டது, ஆனாலும் பதினான்கு வயசுப் பையன் கைக்கு அது வந்து சேர்ந்துவிடுகிறது. பிடிக்கும்போது அது டெய்லர் அக்கா பையன் கையில் இருந்தது. கம்பெனி வீட்டுப் பையன் நான் கேட்பதற்கு முன்பே, “மிஸ், அது என்னோடது, நான்தான் கொண்டு வந்தேன்” என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது, மற்றவன் தலையே நிமிரவில்லை.

ஒரு முழுத்தாளில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். இரண்டு பெயர், யார் கொண்டு வந்தது, யார் கையில் இருந்தது, இருவருமே இழுத்ததாக ஒப்புக்கொண்டது, எல்லாம். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பிரின்சிபாலிடம் கொடுத்தேன்.

ஜூலை 10, புதன்

இரண்டு வீட்டுக்கும் போன் போனது. டெய்லர் அக்கா காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். ஆபீஸ் வராண்டாவில் பெஞ்சு இருக்கிறது, ஆனால் உட்காரவில்லை, தூணோரமாகவே நின்றார். பத்தரைக்குக் கம்பெனி வீட்டு அப்பா கார் உள்ளேயே வந்து நின்றது. நேராகத் தாளாளர் அறைக்குப் போனார், டீ போனது, அரை மணி நேரத்தில் சிரித்த முகமாக வெளியே வந்தார். அக்காவை உள்ளே கூப்பிட்டபோது மணி பன்னிரண்டேகால். இன்றைக்கு அவருக்கு அரை ஷிப்ட் போனது, அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “டீச்சருங்க, சிகரெட்டுங்களா? இல்ல, வேற ஏதாவதுங்களா?”

அப்புறம் ஸ்டாஃப் மீட்டிங். அங்கே காதில் விழுந்த இரண்டு வார்த்தைகள் ராத்திரி பத்து மணிக்கும் என்னை விடவில்லை. கம்பெனி வீட்டுப் பையனைப் பற்றிப் பேசும்போது, “சேர்க்கை சரியில்லை.” டெய்லர் அக்கா பையனைப் பற்றிப் பேசும்போது, “வளர்ப்பு சரியில்லை.” சேர்க்கை என்றால் தப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, துடைத்துவிடலாம். வளர்ப்பு என்றால் அவன் வீடே தப்பு, அவன் அம்மாவே தப்பு. ஒரே பாத்ரூமில் ஒரே புகையை இழுத்த இரண்டு பேர். இதில் சேர்க்கை என்று சொன்னது யாரை? அந்த இன்னொருவனைத்தான்.

நான் அங்கே எதுவும் பேசவில்லை.

ஜூலை 12, வெள்ளி

இன்று டைப் செய்த ஒரு தாள் கையெழுத்துக்கு வந்தது. “மேற்படி மாணவரிடமிருந்து கைப்பற்றப்பட்டது” என்று ஒரே ஒரு பெயர். மற்றவன் “உடனிருந்த சக மாணவர்” ஆகிவிட்டான், பெயர்கூடக் கிடையாது. யார் கொண்டு வந்தது என்ற வரியே இல்லை. கீழே என் பெயரும் ஒரு கோடும்.

கையெழுத்துப் போட்டேன். என் மகள் இதே பள்ளியில் ஆறாம் வகுப்பு, ஸ்டாஃப் பிள்ளை என்று பாதி பீஸ். என் ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் சேர்ந்த நாளிலிருந்து ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. பேனாவை எடுத்தபோது இவை என் தலைக்குள் ஓடியது உண்மை. போட்ட கையெழுத்து போட்டதுதான்.

டெய்லர் அக்கா பையனுக்கு, டிசி வாங்கிக்கொண்டு போய்விடச் சொல்லி முடிவு. கம்பெனி வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு, கோயம்புத்தூரில் ஒரு கவுன்சலரிடம் கூட்டிப் போகிறார்களாம். கூட்டிப் போவது நல்ல விஷயம், அந்தப் பையனுக்கு அது தேவை. இரண்டு பேருக்குமே தேவை.

ஜூலை 14, ஞாயிறு

மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெய்லர் அக்கா பையன் 2014-ல் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எல்.கே.ஜி.யில் சேர்ந்தவன். எட்டாம் வகுப்பு வரை அவனுக்கான கட்டணத்தை அரசு கொடுக்கும், அது அத்தோடு நின்றுவிடும். அதே சட்டம்தான் எட்டு முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்றும் சொல்கிறது, அதுவும் எட்டோடு நின்றுவிடும். அதாவது போன ஏப்ரலில் இதே தப்பைச் செய்திருந்தால் இவனை வெளியே அனுப்பியிருக்க முடியாது. ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தான், ஒரே நேரத்தில் பீஸும் கட்ட வேண்டியதானது, பாதுகாப்பும் போனது. பிள்ளைகள் தடுமாறுகிற வயசு பதினான்கு. அந்த வயசில் சட்டம் கையை விட்டுவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் சுமாராகப் படிக்கிற பிள்ளைகளை எப்படியாவது வெளியே தள்ளினால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் நூறு சதவீதம் வரும் என்று நினைக்கிற பள்ளிகள் நம் பக்கம் நிறைய. இவன் சுமாராகப் படிக்கிறவன்.

நல்லாப் படிக்கிற பையனாச்சே, விட்டுவிடலாமே என்று ஒரு டீச்சர் வேறொருவனுக்காக வாதாடியதை முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். இவனுக்கு அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. என் பாடத்தில் 58 மார்க். வகுப்பில் ஓயாமல் பேசுவான், மேப் வரையச் சொன்னால் கங்கையைக் கொண்டுபோய் அரபிக்கடலில் விடுவான். மன்னிப்புக் கிடைப்பதற்கு ஏழைப் பிள்ளை முதல் ரேங்க் எடுத்தாக வேண்டும் என்றால் அது என்ன மன்னிப்பு? கம்பெனி வீட்டுப் பையன் மார்க்கை யாரும் எடுத்துப் பார்க்கவில்லையே.

புணே விஷயமும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மே 19 அதிகாலை கல்யாணி நகரில் 17 வயசுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் ஐ.டி. இன்ஜினியர்கள் செத்துப்போனார்கள். அன்றைக்கே ஜாமீன், சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அப்புறம் அவனுடைய ரத்த மாதிரியையே மாற்றிவிட்டதாக அரசு டாக்டர்கள் இரண்டு பேர் கைதானார்கள். கட்டுரையா என்று நாடே கொதித்தது, நானும் கொதித்தேன். இன்று தோன்றுகிறது, பாத்ரூமில் புகை விட்ட பையனுக்குத்தான் அந்தக் கட்டுரை பொருத்தமான தண்டனை. 300 வார்த்தை என்ன, 1000 வார்த்தை எழுதச் சொல்லியிருக்கலாம், நான் உட்கார்ந்து திருத்தியிருப்பேன்.

சிறாருக்குச் சட்டம் இரக்கம் காட்டுவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2015 சிறார் நீதிச் சட்டத்தில், குற்றம் செய்த பிள்ளையின் தண்டனைப் பதிவுகளைக்கூட ஒரு காலத்துக்குப் பின் அழித்துவிட வேண்டும் என்று இருக்கிறது, கொடுங்குற்றங்களுக்கு மட்டும் விலக்கு. கோர்ட்டுக்குப் போன பிள்ளையின் பேப்பரே அழிகிறது. டிசியில் எழுதுகிற ஒரு வார்த்தை அழியாது. சிவப்பு மையில் எழுதிவிடுவேன் என்று நாங்கள் வகுப்பில் மிரட்டுவது இந்த தைரியத்தில்தான்.

ஜூலை 18, வியாழன்

கம்பெனி வீட்டுப் பையன் இன்று வந்தான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பக்கத்து இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்டர்வெல்லில் என் பின்னாலேயே வந்து, “மிஸ், அவன் எப்ப வருவான்?” என்றான். வரமாட்டான் என்றேன்.

“நான்தான் கொண்டு வந்தேன்னு சொன்னேன்ல மிஸ்.”

“சொன்னே.”

“வீட்லயும் சொன்னேன். நீ வாயத் திறக்காதே, நான் பாத்துக்கறேன்னு அப்பா சொல்லிட்டாரு.”

அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் ஷூ நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டு வகுப்புக்குப் போனான். நான் செய்தேன் என்று தைரியமாகச் சொன்ன பையனை, நீ செய்யவில்லை என்று பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்தப் பெரியவர்களில் நானும் ஒருத்தி. டைப் செய்த தாளில் என் கையெழுத்து இருக்கிறது.

ஜூலை 27, சனி

சாயங்காலம் டெய்லர் அக்கா வீட்டுக்குப் போனேன். லைன் வீடு, ஏழு வீட்டுக்கு ஒரு குழாய். சனிக்கிழமை சம்பள நாள், அவர் வந்து சேர எட்டு மணி ஆனது. அதுவரை பையனும் நானும் உட்கார்ந்திருந்தோம், அவன் டிவியை ஆஃப் செய்துவிட்டு எனக்கு ஃபேனைத் திருப்பி வைத்தான். பதினைந்து நாளாகப் பள்ளிக்கூடம் இல்லை.

டிசி இன்னும் வாங்கவில்லை. முதல் டெர்ம் பீஸில் பத்தாயிரத்துச் சொச்சம் பாக்கி, அதைக் கட்டினால்தான் டிசி என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். வெளியே போ என்று சொன்னதும் அவர்கள், போக வேண்டுமென்றால் பணத்தைக் கட்டு என்று சொன்னதும் அவர்கள். “கைமடிக்கு உட்டறலாமுன்னு இருக்கறனுங்க டீச்சர். சும்மா உக்காந்திருந்தா இன்னும் கெட்டுப்போயிருவான்.” கைமடி என்றால் பனியன் கம்பெனியில் டெய்லருக்குக் கையாளாக நிற்கிற வேலை. அவன் எதிரிலேயே சொன்னார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த மாதம்தான் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டிசி என்பது பீஸ் வசூலிக்கிற கருவி இல்லை, பாக்கி விவரத்தை அதில் குறிக்கக் கூடாது, சேர்க்கைக்கு டிசி வேண்டும் என்று பள்ளிகள் வற்புறுத்தக் கூடாது என்று. பேப்பரில் வந்ததைக் கத்தரித்துக் கொண்டு போயிருந்தேன். அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார். திங்கட்கிழமை வரை கைமடிக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூலை 29, திங்கள்

ஆபீஸில் தீர்ப்பைக் காட்டினேன். கிளார்க் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, மத்தியானத்துக்குள் டிசி போட்டுக் கொடுத்தார். பாக்கி பற்றி அதில் எதுவும் இல்லை. நடத்தை என்ற இடத்தில் “திருப்திகரம்”. எல்லாப் பிள்ளைகளுக்கும் “நன்று” என்றுதான் போடுவோம். படிக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும், அதற்காகவே போடுகிற வார்த்தை. மாற்றச் சொல்லிக் கேட்டேன், மேடம் சொன்னதுதான் என்றார் கிளார்க், அவர் என்ன செய்வார் பாவம்.

போனில் எடுத்து வைத்திருந்த என் முதல் தாளை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, கீழே இன்றைய தேதியோடு, நான் பார்த்தது இதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு பிரின்சிபாலிடம் கொடுத்தேன். இதையும் அந்த ஃபைலில் வையுங்கள் என்றேன். அவர் வாங்கி டிராயரில் போட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. என் கை நடுங்கியது. மகளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

அக்காவோடு நானும் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனேன், அரை நாள் லீவு. ஹெச்.எம். டிசியை வாங்கி அந்த இடத்தில் ஒரு நிமிஷம் கண்ணை நிறுத்தினார். பிறகு பையனிடம், “என்ன பண்ணுன?” என்றார். அவன் சொன்னான், எல்லாவற்றையும் சொன்னான், ஆனால் கொண்டு வந்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. “மறுபடி பண்ணுவியா?” “இல்ல சார்.” “சரி, எங்க பாத்ரூம்ல தண்ணியே சரியா வராது, அங்க போய் நின்னுட்டு இருக்காத. நைன்த் சி, மாடியில.” ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் எங்கள் பள்ளியில் கொடியேற்றம். கம்பெனி வீட்டுப் பையன் அவன் ஹவுஸுக்கு முன்னால் கொடி பிடித்து நடந்தான். நன்றாக நடந்தான், நானும் கை தட்டினேன், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மேடையில் அவன் அப்பா சிறப்பு விருந்தினர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது பேக்கரியில் டெய்லர் அக்காவும் பையனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பள்ளியிலும் விழா முடிந்து வந்திருக்கிறான். புது யூனிஃபார்ம் இன்னும் தைக்கவில்லை, எங்கள் பள்ளிச் சட்டையேதான் போட்டிருந்தான். பாக்கெட்டில் இருந்த பேட்ஜை அக்கா நூல் வெட்டுகிற ட்ரிம்மர் வைத்துத் தையல் தையலாகப் பிரித்து எடுத்திருக்கிறார். “துணி நல்ல துணிங்க டீச்சர், இன்னும் ஒரு வருசம் வரும்.” சட்டை முழுக்க வெளுத்திருந்தது, பேட்ஜ் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பழைய நீலமாகவே இருந்தது, அதைச் சுற்றி ஊசி ஏறி இறங்கிய துளைகள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அவன் டீ கிளாஸை மறு கைக்கு மாற்றிப் பாக்கெட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.