கையால் போட்ட நெட்வொர்க்கிலிருந்து எழுதிவைத்த நெட்வொர்க்குக்கு

சென்னையில் கணினி வேலை என்றால் பழைய மகாபலிபுரம் சாலையைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்க்கும் வேலை திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி நடக்கிறது. சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் நிறுவனம் எங்களுடையது. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று இடங்களுக்கும் இங்கிருந்துதான் பெட்டகங்கள் போய் வருகின்றன. சுங்க ஆவணம், எடைச் சீட்டு, வாசல் அனுமதி எல்லாமே கணினியில். அது பத்து நிமிடம் நின்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி வரிசை நீளும். ஓட்டுநர்கள் வெயிலில் காத்துக் கிடப்பார்கள். எங்கள் வேலையின் நல்லது கெட்டது உடனே கண்ணுக்குத் தெரியும் இடம் இது. அதனாலேயே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

தரவு எங்கள் கட்டடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று நிர்வாகம் முடிவு செய்தது. எனவே ஓபன்ஸ்டாக்கை வைத்து ஒரு தனியார் கிளவுட் அமைத்தோம், அதாவது எங்கள் சர்வர்களையே எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் ஓர் அமைப்பு. 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள் அது. அதில் மெய்நிகர் கணினிகளை (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) உருவாக்குவதும் வட்டு இடம் ஒதுக்குவதும் சீக்கிரம் பழகிவிடும். ஆளைச் சோதிப்பது நெட்வொர்க்தான். அந்தப் பகுதிக்கு நியூட்ரான் என்று பெயர்.

மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே பல நாள்கள் ஒரு முகவரி அட்டவணைக்காக வாதாடினோம். அதை வீண் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த வாதம்தான் எங்கள் அமைப்பைக் காப்பாற்றியது என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஐபி முகவரித் தொகுதிகள் மூன்றே. 10இல் தொடங்குவது மிகப் பெரியது, 172.16 முதல் 172.31 வரை ஒன்று, 192.168 மூன்றாவது. எங்கள் மணலிக் கிடங்கு, மாதவரம் கிடங்கு, ராயபுரம் அலுவலகம் மூன்றிலும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் நெட்வொர்க் போட்டிருந்தார்கள். மூன்றிலும் 192.168.1தான். தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒரே கிளவுட்டில் இணைக்கும்போது எந்த 192.168.1.10 எந்தக் கிடங்கின் எடைமேடை என்று, நெட்வொர்க்குகளுக்கிடையே வழி காட்டும் ரௌட்டருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் மென்பொருள்) நிறுவிய ஒவ்வொரு கணினியும் 172.17ஐத் தானாக எடுத்துக்கொள்ளும். ஆகவே 10ஆம் தொகுதியைக் கிடங்குவாரியாகவும் துறைவாரியாகவும் வெட்டினோம். ஒவ்வொன்றிலும் வளர்வதற்கு இடம் விட்டோம். கணக்குப் பிரிவின் மூத்த மேடம் ஒருவர், "இன்னொரு கிடங்கு வந்தால் எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டார். அன்றைய கூட்டத்தில் கேட்கப்பட்டவற்றில் அதைவிட நல்ல கேள்வி இல்லை.

அடுத்து வி-லேனா விஎக்ஸ்லேனா என்ற பேச்சு வந்தது. ஒரே கம்பியில் பல நெட்வொர்க்குகளைப் பிரித்து ஓட்டும் இரண்டு முறைகள் இவை. வி-லேனில் 4094 நெட்வொர்க்குகள்தாம் முடியும், விஎக்ஸ்லேனில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கும். எங்களைப் போன்ற இடத்துக்கு நூறு நெட்வொர்க்கே அதிகம். அந்த எண்ணிக்கையைக் காரணமாகச் சொல்வதில் பொருள் இல்லை. எங்கள் காரணம் வேறு. ஒரு புதிய வி-லேன் வேண்டுமானால் வழியில் இருக்கும் ஒவ்வொரு சுவிட்சிலும் (சர்வர்களைக் கம்பியால் இணைக்கும் பெட்டி) அதைத் திறந்துவிட வேண்டும். யாராவது ஒன்றை விட்டுவிட்டால் அந்தச் சர்வர் அடுக்கில் மட்டும் வேலை செய்யாது. விஎக்ஸ்லேனில் சுவிட்சுகளுக்கு உள்ளே நடப்பது தெரிய வேண்டியதே இல்லை. சர்வர்களுக்கிடையே ஐபி போக்குவரத்து இருந்தால் போதும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. விஎக்ஸ்லேன், உள்ளே இருக்கும் பாக்கெட்டை (தரவின் ஒரு துண்டு) இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிறது. அந்த மேலுறைக்கு 50 பைட் ஆகும். பெட்டகம் ஏற்றாதபோது ரயில்வே பாலத்துக்கு அடியில் தாராளமாகப் போன லாரி, பெட்டகத்தை ஏற்றியதும் தலை இடிக்கிறதே, அதே கணக்குதான். சாதாரண நெட்வொர்க்கில் பாலத்தின் உயரம், அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 பைட். எனவே உள்ளே 1450 என்று குறைக்க வேண்டும். இல்லையென்றால் கீழே உள்ள சுவிட்சுகளை 9000 வரை உயர்த்த வேண்டும். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் தாழ்வான பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே சர்வர்களை மாடியில் வைத்ததோடு, சாலைக்கு எதிர்ப்புறக் கட்டடத்திலும் ஓர் அடுக்கு வைத்தோம். அந்த அடுக்கில்தான் விசித்திரம் தொடங்கியது. உள்நுழைய முடிந்தது. பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் போனது. பெரிய அறிக்கை ஒன்றைத் திறந்தால் மட்டும் திரை அப்படியே நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் இல்லை. சர்வரில் கோளாறு என்றார் ஒருவர், தரவுத்தளத்தில் கோளாறு என்றார் இன்னொருவர். திருவொற்றியூரிலிருந்து வரும் இளைய சக ஊழியர், டிப்ளமா முடித்து எங்களிடம் சேர்ந்தவர், பொறுமையாக உட்கார்ந்து பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அளவை ஏற்றி ஏற்றி பிங் அனுப்பிப் பார்த்தார். "அண்ணா, 1472 வரை போகிறது. ஒன்று கூட்டினால் பதில் இல்லை" என்றார். 1472உடன் தலைப்புகளுக்கான 28ஐக் கூட்டினால் சரியாக 1500. எதிர்க்கட்டடத்துக்குப் போகும் வழியில் இருந்த பழைய சுவிட்ச் ஒன்று 1500ஐத் தாண்டவிடவில்லை. உள்ளே 1500, மேலுறை 50, ஆக 1550 வந்ததும் ஓசையில்லாமல் கீழே போட்டுவிட்டது. ரௌட்டராக இருந்திருந்தால் 'அளவு பெரிது' என்று திருப்பிச் சொல்லியிருக்கும். சுவிட்சுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உள்நுழைவதற்கான பாக்கெட்டுகள் சின்னவை, அதனால் தப்பித்தன. அறிக்கை பெரியது, சிக்கிக்கொண்டது.

சுவிட்சை மாற்றினோம். எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது, அந்தச் சோதனையை அவர் அன்றே ஆன்சிபிளில் (சர்வர் வேலைகளைத் தானாகச் செய்யும் கருவி) எழுதிச் சேர்த்ததுதான். இப்போது எந்தப் புதிய சர்வரையும் சேர்ப்பதற்கு முன், மற்ற எல்லாச் சர்வர்களுக்கும் பெரிய பாக்கெட் போகிறதா என்று நிரலே பார்த்துவிடும். போகவில்லை என்றால் அங்கேயே நிற்கும்.

தானியக்கம் என்றால் வேகம் என்றே பேசுகிறார்கள். வேகம் கிடைக்கிறதுதான். நான் அதை விரும்புவது வேறொரு காரணத்துக்காக. முன்பு நெட்வொர்க் பற்றிய அறிவு ஓரிருவர் தலைக்குள் இருந்தது. அவர் விடுப்பில் போனால் அறிவும் விடுப்பில் போகும். இரவுப் பணியில் இருப்பவர் அவர் வீட்டுக்குத் தொலைபேசி செய்து எழுப்ப வேண்டும். இன்று எந்த நெட்வொர்க் எங்கே, எந்த வாயில் (போர்ட்) யாருக்குத் திறந்திருக்கிறது என்பதெல்லாம் உரைக் கோப்புகளாக, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில், எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதும் அங்கேயே. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் விதித்தபடி பதிவுகளை 180 நாள்கள் வைத்திருப்பதும் எல்லாக் கணினிகளின் கடிகாரங்களையும் ஒன்றாக வைத்திருப்பதும்கூட அந்தக் கோப்புகளில் சில வரிகள்தாம்.

இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு நிரலை இரண்டாம் முறை ஓட்டினால் 'மாற்றம்: சுழியம்' என்று வர வேண்டும். அவசரத்துக்கு, இருக்கும் நிலையைப் பார்க்காமல் ஓடும் ஷெல் கட்டளைகளை அடுக்கினால் ஒவ்வொரு முறையும் மாற்றம் என்றே காட்டும். உண்மையில் யாராவது கையால் எதையாவது மாற்றியிருந்தால் அந்தக் கூச்சலில் தெரியாமல் போகும். மற்றொன்று, பாதுகாப்பு விதிகள். நியூட்ரான் வெளியிலிருந்து வரும் எதையும் முதலில் அடைத்தே வைக்கிறது. வேலை நடக்கவில்லை என்றதும் "எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் சார்" என்பார்கள். திறப்பதற்கு நான் மறுப்பதில்லை. கேட்டவர் பெயர், காரணம், எந்தத் தேதி வரை என்ற மூன்றும் அந்த வரிக்கு மேலேயே எழுதப்பட வேண்டும். எழுத உட்கார்ந்ததும் பாதிப் பேருக்கு ஒரேயொரு வாயில் போதும் என்று தெரிந்துவிடுகிறது.

நெட்வொர்க்கை அழிக்கும் வேலையை மட்டும் தானாக நடக்கவிடவில்லை. அதற்கு இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரத்தில் பழைய சர்வர்கள் சிலவற்றைக் கொடுத்து, கிட்டில் உள்ளதை மட்டும் படித்து ஒரு சிறிய கிளவுட்டை எழுப்பச் சொல்கிறோம். எங்களிடம் கேட்கலாம். ஆனால் எந்த இடத்தில் கேட்க வேண்டிவந்ததோ, அந்தக் கோப்பை அன்று மாலைக்குள் நாங்கள் திருத்தி எழுத வேண்டும். கடைசியாக வந்தவர் வண்ணாரப்பேட்டைப் பெண். முகவரி அட்டவணையில் மாதவரத்துக்கு ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்கிறோம் என்று கேட்டார். அந்தக் காரணம் எங்கும் எழுதப்படவில்லை. இப்போது எழுதியிருக்கிறது.