இருட்டில் எறிய ஒரு டிஸ்க்

ஜூன் 4
அக்காவுக்காக இருட்டில் ஒளிரும் டிஸ்க் செய்கிறேன், எறிந்து பிடிக்கும் ஃபிரிஸ்பீ தட்டு. அதற்காக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போய் வந்தேன். நிறம் மாறும் டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டை, இழுப்பை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்345 சென்சார், சின்ன லித்தியம் பேட்டரி எல்லாம் கிடைத்தன. அக்கா போனை எடுக்கவில்லை.

ஜூன் 6
ஆட்டத்துக்கான டிஸ்க் 175 கிராம். அதற்கு மேல் நான் ஏற்றும் ஒவ்வொரு கிராமையும் அக்காவின் கைதான் சுமக்க வேண்டும். பட்டையைத் தேவையான நீளத்துக்கு மட்டும் வெட்டினேன்.

ஜூன் 9
சென்சாரை எங்கே ஒட்டுவது என்று யோசித்தே ராத்திரி போய்விட்டது. நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்துக்கொண்டால், மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி சுழற்சியால் வரும் இழுப்பு சுமார் 40 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 40 மடங்கு. இந்தச் சென்சார் 16 ஜி வரைதான் அளக்கும். அதற்கு மேல் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் ஒரே எண்தான். சரியாக நடுவில் வைத்தால் சுழல்வதே அதற்குத் தெரியாது. 2 செ.மீ. தள்ளி வைத்தால் 8 ஜி. அதுதான் இடம். எல்லாரும் வாங்கும் எம்பியூ6050 சென்சாரில் சுழலும் வேகத்தை நேராக அளக்கும் ஜைரோ நொடிக்கு 2000 டிகிரியில் நின்றுவிடும், அதாவது நிமிடத்துக்கு 333 சுற்று. அக்கா எறிந்தால் அது போதவே போதாது.

எறிவாள்.

ஜூன் 10
அக்காவின் ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 13
மொட்டை மாடியில் முதல் வீச்சு. கையில் இருக்கும்போது நீலம், சுழலத் தொடங்கியதும் பச்சை, வேகம் கூடக்கூடச் சிவப்பு. பிடித்ததும் ஒரு வெள்ளை மின்னல். எவ்வளவு அழகு! சுழற்சி இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். அதனால் வர்க்கமூலம் எடுத்துத்தான் நிறத்தை மாற்றுகிறேன், இல்லையென்றால் பச்சையிலிருந்து சிவப்புக்கு ஒரே தாவாகத் தாவிவிடும். முழு வெள்ளையில் ஒரு எல்இடிக்கே 60 மில்லி ஆம்பியர் வரை போகும். கால்வாசி வெளிச்சம் போதும், பேட்டரி பிழைக்கும்.

கொஞ்சம் ஆடுகிறது. சென்சாருக்கு நேர் எதிரே துளி ஹாட் குளூ வைத்தேன். இன்னும் எடை. எங்கிருந்து குறைப்பது?

ஜூன் 14
அக்காவே கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 16
வீடியோ அனுப்பினேன். “பெசன்ட் நகர்ல எறியலாம்டா, ராத்திரி,” என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை. கடற்கரை என்றால் உப்புக் காற்று, செம்பில் பச்சை பிடித்துவிடும். சாலிடர் வைத்த இடமெல்லாம் நெயில் பாலிஷ் பூச வேண்டும். அக்காவிடம் இருப்பதெல்லாம் சிவப்பு. நிறமில்லாதது வாங்கணும்.